பாடியவரே பணம் கட்டுவதா?

(கம்மாபுரத்தில் வட்டார இசைக் கலைஞர்கள் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது, இசையைப் பற்றிப் பேசவா என்று கேட்டேன். "இசையை நாங்க பார்த்துக்குறோம். நீங்க பணத்தைப் பத்திப் பேசுங்க" என்றார் ஒரு தவில்காரர். நியாயமான பேச்சு. ஆகவே இன்று பணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

உங்களில் பலருடைய வாட்ஸ்அப்புக்கு இப்படி ஒரு செய்தி வந்திருக்கும். வளரும் கலைஞர்களுக்கு அரிய வாய்ப்பு. உலகத் தமிழர்கள் கேட்கும் எங்கள் இணைய வானொலியில் உங்கள் பாடல் தினமும் 4 முறை, 30 நாட்கள். கட்டணம் 3,500 ரூபாய். நேர்காணலும் வேண்டுமென்றால் இன்னும் 1,500. சான்றிதழ் உண்டு. இந்தச் செய்தியை நம்பிப் பணம் கட்டியவர்கள் இந்தப் பந்தலுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. தன் பாட்டை நாலு பேர் கேட்க வேண்டும் என்று நினைக்காதவன் பாட்டுக்காரனே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவரிடம் பணம் வாங்கிப் பாடுபவருக்குக் கொடுக்கிற வானொலிக்குக் கேட்பவர் வேண்டும். பாடுபவரிடமே பணம் வாங்குகிற வானொலிக்குக் கேட்பவர் தேவையில்லை. பணம் கட்டப் பாடுபவர்கள் வந்துகொண்டிருந்தால் அதன் வியாபாரம் நடந்துவிடும். பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால், அந்த வானொலி யாருக்காக நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

இங்கிருந்து விருத்தாசலம் போய், தெற்கே ஜெயங்கொண்டம் சாலையைப் பிடித்தால் இராசேந்திரப்பட்டணம் வரும். தேவாரத்தில் அதன் பெயர் எருக்கத்தம்புலியூர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். சம்பந்தரோடு ஊர் ஊராகப் போய் அவர் பதிகங்களை யாழில் வாசித்தவர். மனைவி மதங்கசூளாமணியாரும் கூடவே போனவர். பின்னாளில் தேவார ஏடுகள் தில்லையில் கிடைத்தபோது, அவற்றுக்குப் பண் வகுக்க இந்த எருக்கத்தம்புலியூரில் இருந்த பாணர் மரபுப் பெண் ஒருவரிடம்தான் வந்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. நம் பக்கத்து ஊரின் பெருமை இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரியபுராணத்தில் யாழ்ப்பாணருக்கு இரண்டு இடங்களில் நடந்ததைச் சேக்கிழார் எழுதுகிறார். மதுரையில் அவர் கோயில் வாசலில் நின்று வாசிக்கிறார். உள்ளே அழைத்துவரும்படி இறைவன் அடியார்களின் கனவில் சொல்கிறார். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது, தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், பொற்பலகை இடுங்கள் என்று குரல் வருகிறது. திருவாரூரில் அவருக்காக வடக்குப் பக்கம் தனி வாயிலே வகுக்கப்படுகிறது. பாணர் வாசலில் நின்றதற்குக் காரணம் சாதி. அதை மூடி மறைத்துப் பேச நான் தயாரில்லை; தனி வாயில் என்பதிலும் அந்த வலி இருக்கிறது. ஆனாலும் அந்தப் பலகையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். கேட்க விரும்பியவர் கலைஞனின் கருவி என்ன ஆகும் என்று கவலைப்பட்டார். செலவு கேட்பவர் பக்கம் இருந்தது.

நம் கூத்து மேடையிலும் அப்படித்தான். விடிய விடிய ஆடும்போது ஊர்க்காரர் ஒருவர் பத்து ரூபாயோ நூறு ரூபாயோ தருகிறார். கட்டியக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று ஊர் கேட்கச் சொல்கிறார். கொடுத்தவர் யார், எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். ரகசியம் எதுவும் கிடையாது. கேட்டவர் கொடுத்தார், ஆடியவர் வாங்கிக்கொண்டார்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்தில் பறையடித்தவர்களுக்கு எத்தனை தலைமுறை கூலி கொடுத்தோம்? சாவுக்கு அடிப்பது உன் கடமை, திருவிழாவுக்கு அடிப்பது உன் முறை என்று சொல்லியே வேலை வாங்கினோம். கூலி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். கலைஞனுக்குக் காசு தராமல் இருப்பதற்கு அன்று வழக்கம் என்று பெயர் வைத்தார்கள். இன்று வாய்ப்பு என்று பெயர் வைக்கிறார்கள். அன்று கொடுக்காமல் விட்டார்கள். இன்று அவனிடமிருந்தே வாங்குகிறார்கள்.

வானொலிக்கு வருகிறேன். சென்னையில் 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-இல் நின்றுபோனது. 1930-இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் 1939-இல் திருச்சி நிலையமும் வந்தன. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி நிலையம் வந்தது 1967-இல். அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருப்பவர் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். கேட்பவர் கட்டினார். பாடப்போனவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தார். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும், ரேடியோவில் பாடிச் சம்பளம் வாங்கினார் என்பது ஊரில் ஒருவருடைய மதிப்பையே மாற்றியது.

பாடுபவரைத் தேர்ந்தெடுக்க ஒரு முறையும் இருந்தது. மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில், 1952-இலிருந்து, குரல் தேர்வு முறை கெட்டிப்பட்டது. பாடுபவரின் பெயர் தெரியாமல் நடுவர்கள் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு பி, பி உயர்நிலை, ஏ, டாப் என்று தரம் போடுவார்கள். தரத்துக்குத் தக்க சம்பளம். இந்த வழியில் நாட்டுப்புறப் பாடகர்களும் போனார்கள். கொல்லங்குடி கருப்பாயி 1985-இல் 'ஆண்பாவம்' படத்தில் நடித்ததால்தான் பலருக்கும் தெரியும். அதற்கு முன்பே அவர் வானொலியில் பாடியவர். படிக்காத, வயலில் வேலை செய்த ஒரு பெண்ணின் குரலை வானொலி தேடிப்போய் வாங்கியது.

அந்த வானொலியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். 1940-இல் ஆர்மோனியத்துக்கே தடை போட்டார்கள். அந்தத் தடையைத் தளர்த்தவே முப்பது வருஷம் ஆனது. நம் கூத்துக்கு உயிரே ஆர்மோனியம்தான். அந்தப் பெட்டியைச் சுமந்து வந்த கலைஞருக்கு நிலையத்து வாசல் மூடியிருந்தது. கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டைக் குறைத்தார்கள்; ஜனங்கள் ரேடியோவைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957-இல் விவித் பாரதி தொடங்க வேண்டியதாயிற்று. இது முக்கியம். கேட்பவர் எழுந்து போனால் அந்த வானொலிக்கு வலித்தது. வலித்ததால் தன்னை மாற்றிக்கொண்டது.

இலங்கை வானொலியிலும் பிறகு விவித் பாரதி வர்த்தக ஒலிபரப்பிலும் சினிமாக் கம்பெனிகள் பணம் கட்டித் தங்கள் படப் பாட்டை ஒலிபரப்பியது உண்டு. கால் மணி நேர விளம்பரதாரர் நிகழ்ச்சி. அது விளம்பரம் என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கேட்கிற உங்கள் அப்பாவுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். அதோடு கோடிக்கணக்கான காதுகள் ஏற்கெனவே அங்கே இருந்தன. கம்பெனி காசு கொடுத்தது அந்தக் காதுகளுக்கு.

பணம் வாங்கியதைச் சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா ஒரு பெரிய ஊழலில் பார்த்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் ரகசியமாகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டுப் போட்ட அறிவிப்பாளர்களைப் பற்றி 1959-60-இல் நாடாளுமன்ற விசாரணையே நடந்தது. ராக் அண்ட் ரோல் இசையை நாடு முழுக்கக் கொண்டுபோன ஆலன் ஃப்ரீட் வேலையை இழந்தார். 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். காசு வாங்கிப் போட்டால் அதை ஒலிபரப்பில் சொல்லியாக வேண்டும் என்று 1960-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் நிற்கவில்லை. 2005-இல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் நடத்திய விசாரணைக்குப் பின் சோனி பிஎம்ஜி நிறுவனம் ஒரு கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அந்தக் காலத்தில் காசு கொடுத்தவை பெரிய கம்பெனிகள். இணையம் வந்த பிறகு அந்தச் செலவைத் தனிப் பாடகன் தலையில் இறக்கிவைத்தார்கள். 2009-இல் ஜாங்கோ என்ற அமெரிக்க இணைய வானொலி ஒரு திட்டம் கொண்டுவந்தது. 30 டாலர் கட்டினால் உங்கள் பாட்டு 1,000 முறை ஒலிக்கும். அன்றைய மதிப்பில் சுமார் 1,500 ரூபாய். எந்தப் பிரபல பாடகரை விரும்புகிறவர்களுக்கு உங்கள் பாட்டைப் போட வேண்டும் என்று நீங்களே சொல்லலாம். அவர் பாட்டைத் தேடி வந்தவரின் காதில் நடுவே உங்கள் பாட்டும் விழும். இந்தத் திட்டத்தை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். அங்கே கேட்பவர்கள் உண்மையாகவே இருந்தார்கள். எத்தனை முறை ஒலித்தது, யார் பிடித்திருக்கிறது என்று சொன்னார் என்ற கணக்கு பாடகருக்குக் கிடைத்தது. ஆனால் பாட்டு நன்றாக இருப்பதால் ஒலிக்கிறதா, பணம் கட்டியதால் ஒலிக்கிறதா என்ற கேள்வியை அது உலகம் முழுக்க ஒவ்வொரு சின்னப் பாடகனின் தலைமாட்டிலும் கொண்டுவந்து வைத்தது. நம் வாட்ஸ்அப்புக்கு வருகிற செய்தி அந்தத் திட்டத்தின் நகல். கேட்பவர்களை மட்டும் காணோம்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இந்தப் பக்கத்துப் பிள்ளை. கல்யாணக் கச்சேரிகளில் பேடு வாசிப்பவர். அவருடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவர். கொட்டையின் பால் பட்டு அம்மாவின் விரல்கள் கருத்திருக்கும். அந்த விரல்களைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கடலூரில் பதிவும் செய்தார். நல்ல பாட்டு. நான் அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதை ஓர் இணைய வானொலிக்குக் கொடுத்து 3,500 ரூபாய் கட்டினார். இரண்டு மூன்று கச்சேரிச் சம்பளம்.

முதல் ஒலிபரப்பு அன்று நானும் அவர் வீட்டில் இருந்தேன். ராத்திரி பதினொன்றே முக்காலுக்குத்தான் பாட்டு வந்தது. அதுவரை அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். வானொலியின் பக்கத்தில் கீழ் மூலையில், இப்போது கேட்பவர்கள் என்று ஒரு சின்ன எண் இருந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை; பாட்டில் இருந்தார். நான் பார்த்தேன். 4 என்று இருந்தது. அந்த நாலில் ஒன்று அவர் கையில் இருந்த போன். ஒன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவர் அக்கா. ஒன்று துபாயில் இருக்கும் சிநேகிதர். இன்னொன்று என் போன்.

மறுநாள் அவர் நிரப்பிக் கொடுத்த படிவத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். ஆறாவது வரியில், இந்தப் பாடலை எக்காலத்திலும் எந்த ஊடகத்திலும் பயன்படுத்த நிலையத்துக்கு முழு உரிமை அளிக்கிறேன் என்று இருந்தது. அதன் கீழே அவர் கையெழுத்து. பணத்தையும் கொடுத்து, அம்மாவின் விரல்களைப் பற்றிய பாட்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போடும்போது அந்த வரியைப் படித்தீர்களா என்று கேட்டேன். "ரேடியோவுல போடுறதுக்குத்தானேண்ணே கேக்குறாங்கன்னு நினைச்சேன்" என்றார்.

இதன் கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கிறேன். எஃப்.எம். நிலையம் வைக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும், ஏலத்தில் அலைவரிசை எடுக்க வேண்டும், கோபுரம் வேண்டும். இணைய வானொலிக்கு இவை எதுவும் தேவையில்லை. ஐஸ்காஸ்ட் என்ற மென்பொருள் இலவசம். சின்ன அளவில் நடத்தினால் சர்வர் வாடகை மாதம் சில நூறு ரூபாயிலிருந்து தொடங்கும். இப்போது 40 பாடகர்கள் ஆளுக்கு 3,500 கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,40,000 ரூபாய். 40 பாட்டு, தினம் 4 முறை, பாட்டுக்கு 4 நிமிஷம். மொத்தம் 640 நிமிஷம். ஒரு நாளில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் பணம் கட்டியவர்களின் பாட்டு மட்டும் ஓடும். அவற்றில் நல்ல பாட்டும் இருக்கும், சுமாரும் இருக்கும். வரிசைப்படுத்த ஆள் கிடையாது. இப்படிப்பட்ட வானொலியை யார் உட்கார்ந்து கேட்பார்? கேட்க ஆள் சேர்ப்பதற்கு அந்த நிலையம் எதற்காகக் கஷ்டப்பட வேண்டும்? அதற்கு வரவேண்டிய பணம் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

எல்லா இணைய வானொலியும் இப்படி என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புலம்பெயர்ந்த தமிழர்கள் நடத்தும் வானொலிகளில் வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் நிகழ்ச்சி செய்கிற நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். பாட்டு அனுப்பினால் கேட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் போடுவார்கள். பிடிக்காவிட்டால் காரணம் சொல்வார்கள். காசு கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் பெயரையும் சேர்த்துக் கெடுப்பது இந்தக் கட்டண வியாபாரம்.

பெரிய நிறுவனங்களும் வேறு ரூபத்தில் இதே வழிக்கு வந்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபை 2020-இல் ஒரு திட்டம் அறிவித்தது. முன்பணம் வேண்டாம், உங்கள் பாட்டைக் கூடுதலாகப் பரிந்துரைக்கிறோம், அப்படி வந்த ஒலிபரப்புக்கான ராயல்டியில் 30 சதவீதத்தை விட்டுக்கொடுங்கள் என்றது. 2024 முதல் இன்னொரு விதி: பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு ராயல்டியே கிடையாது. ஜாங்கோவில் 1,000 முறை ஒலிக்கப் பாடகர் பணம் கட்டினார். இங்கே 1,000 முறை கேட்கப்பட்ட பிறகுதான் பாடகர் கணக்கே தொடங்குகிறது. 999 பேர் உண்மையாகக் கேட்டிருந்தாலும் அது கணக்கில் வராது.

பிரபலமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு 'எஞ்ஜாயி எஞ்ஜாமி' பாட்டை நினைவுபடுத்துகிறேன். 2021 மார்ச்சில் வந்தது. அறிவு எழுதி, தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த ஒரு பாட்டியின் வாழ்க்கை உலகம் முழுக்க நாற்பது கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தனக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் மீது தவறு என்று தீர்ப்பு எழுத எனக்கு உரிமை இல்லை. புகழும் பணமும் ஒன்றாக வராது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி நம் மொழியில் இல்லை. புகழ் கிடைக்கும், பணம் பின்னாலேயே வரும் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவரிடம் இந்தப் பாட்டின் கதையைச் சொல்லுங்கள்.

சங்கீத உலகத்திலும் இந்த நோய் உண்டு. சென்னை மார்கழி சீசனில், நன்கொடை என்ற பெயரில் பணம் கொடுத்து மேடை வாங்குவதைப் பற்றி, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வரும் இளையவர்களைப் பற்றி, பத்திரிகைகள் பல காலமாக எழுதிவருகின்றன. பகல் நேரக் கச்சேரி, காலி நாற்காலிகள், முதல் வரிசையில் பெற்றோர். அங்கேயும் கணக்கு அதேதான். மேடைக்காரருக்குப் பாடுபவரிடமிருந்தே பணம் வந்துவிட்டால், டிக்கெட் வாங்கிக் கேட்க வருபவர் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று.

இப்போது உங்கள் தரப்பு. எனக்குப் புரிகிறது. எஃப்.எம். முழுக்க சினிமாப் பாட்டு. நிலையத்துக்குக் குரல் தேர்வுக்கு எழுதிப் போட்டால் காத்திருக்க வேண்டும். சென்னையில் நமக்கு ஆள் கிடையாது. பணம் கட்டினாலாவது ஒரு கதவு திறக்காதா என்று கேட்கிறீர்கள். யாழ்ப்பாணருக்கே கதவு அடைத்திருந்த நாடு இது. கதவைத் தட்டத் தட்ட மனசு சோர்வது இயல்பு. பணமே செலவழிக்காதீர்கள் என்றும் நான் சொல்லவில்லை. நல்ல மைக்குள்ள ஸ்டூடியோவில் பதிவு செய்யக் கொடுங்கள். மிக்ஸிங் தெரிந்தவருக்குக் கொடுங்கள். கூட வாசித்த நாதஸ்வரக்காரருக்கு அன்றைக்கே கையில் கொடுங்கள். விளம்பரம் என்று போட்டு விளம்பரம் செய்யுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வரும், வராவிட்டால் அடுத்த முறை நிறுத்தலாம். இதிலெல்லாம் நீங்கள் கொடுக்கிற பணத்துக்கு ஒரு பொருளோ ஒரு வேலையோ உங்கள் கைக்கு வருகிறது. கட்டண வானொலி விற்பது கேட்பவர்களை. அந்தக் கேட்பவர்கள் அதனிடம் இல்லை.

அடுத்த முறை அப்படி யாராவது போன் செய்தால், இந்த நேரத்தில் உங்கள் வானொலியை எத்தனை பேர் கேட்கிறார்கள், அந்த எண்ணை நான் பார்க்கலாமா என்று கேளுங்கள். இந்தப் பாட்டுக்குக் காசு வாங்கியிருக்கிறோம் என்று அறிவிப்பில் சொல்வீர்களா என்று கேளுங்கள். பாட்டுப் போடுவதற்கு ஐபிஆர்எஸ் உரிமம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியிலேயே மறுமுனை அமைதியாகிவிடும்.

ஏன் என்றால், சட்டப்படி அவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். ஐபிஆர்எஸ் என்பது பாட்டு எழுதுபவர்கள், மெட்டமைப்பவர்களின் காப்புரிமைச் சங்கம், 1969-இல் தொடங்கியது. பாடுபவர்களுக்காக 2013-இல் இஸ்ரா என்ற சங்கம் வந்தது. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை, சட்ட வாரிசுக்கோ இப்படிப்பட்ட சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று வைத்தார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் அந்த உரிமை உங்களை விட்டுப் போகாது. எஃப்.எம். நிலையங்கள் சட்டம் வகுத்த கட்டணத்தைக் கட்டிவிட்டு, உரிமையாளரைத் தனியாகக் கேட்காமலே பாட்டுப் போட ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இணையத்துக்குப் பொருந்தாது என்று டிப்ஸ் என்ற இசை நிறுவனம் விங்க் என்ற இசைச் செயலி மீது போட்ட வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொன்னது, 2022-இல் மேல்முறையீட்டிலும் அதையே உறுதி செய்தது. உங்கள் சொந்தப் பாட்டை இணைய வானொலியில் போட வேண்டுமானால் அவர்தான் உங்களிடம் வந்து அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்க வேண்டியவர் கட்டணம் கேட்கிறார். நாமும் நன்றி சொல்லிக் கட்டுகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

பாடுபவரிடம் வாங்காமல் வானொலி நடத்த முடியுமா? முடியும். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்கானது. காற்று எப்படி, அலை எப்படி என்று கடலுக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது; ஆகவே கேட்கிறார். கேட்பவர் இருப்பதால் அங்கே பாடுகிற மீனவரின் அம்பா பாட்டுக்கும் காது இருக்கிறது. நம் பகுதியில் நெல் இருக்கிறது, கரும்பு இருக்கிறது, முந்திரி இருக்கிறது, சுரங்கத்துக்கு நிலம் போன கதை இருக்கிறது. இன்று முந்திரி என்ன விலை, வாய்க்காலில் தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்று சொல்கிற ஒரு வானொலி இங்கே இருந்தால் ஜனங்கள் கேட்பார்கள். அந்த விலைக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தத் தம்பியின் பாட்டைப் போட்டால், முந்திரிக்கொட்டை உடைத்த பெண்கள் முழுசாகக் கேட்பார்கள். அலைவரிசை உரிமம் கிடைக்க நாளாகும். இணையத்தில் நாளைக்கே தொடங்கலாம். இதே ஐஸ்காஸ்ட், இதே சில நூறு ரூபாய் வாடகை. ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்வோம்: பாடுபவரிடம் காசு வாங்குவதில்லை. ஊர்க்கடைக்காரர் விளம்பரம் தரட்டும். அது விளம்பரம் என்று சொல்லிப் போடுவோம், கட்டியக்காரர் மேடையில் சொல்வது மாதிரி.

கூட்டம் முடிந்ததும் யாரும் கிளம்பிவிட வேண்டாம். மேடைக்கு இடது பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கையெழுத்துப் போட்ட படிவம், வாட்ஸ்அப்பில் வந்த ஒப்பந்தம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படிப்போம். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கு வெள்ளைத்தாள் இருக்கிறது. உங்கள் பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், யார் யார் வாசித்தார்கள், பதிவு செய்த தேதி, இவற்றை எழுதி, வாசித்த எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். ஐபிஆர்எஸ் உறுப்பினர் ஆவதற்கு எழுதிப் போடும்போது முதலில் கேட்கப்போவது இந்த விவரங்களைத்தான். எழுதத் தெரியாத பெரியவர்கள் பாட்டைச் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன்.